மீன்காரரின் குரலை நான் கொடுத்தேன்

அறுபதுகளின் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பில் நடந்த ஒரு விழாவைப் பற்றி இன்னமும் சில முதியவர்கள் கதைப்பதுண்டு. வானொலியில் புகழ்பெற்ற நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் கரையோரத்து ஓர்கெஸ்ட்ராவோடு மேடையேறினார் என்பதும், நிகழ்ச்சி பாதியில் நின்றுபோனது என்பதும் அவர்களுக்கு நினைவிருக்கிறது. ஏன் நின்றது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது என்று என் முகத்துக்கு நேரேயே ஒருவர் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். உண்மையான காரணம் நான்தான். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாததை எண்பது வயதுக்குப் பிறகு எழுதுவதில் பெருமைப்பட எதுவுமில்லை.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அரசாங்கம் அங்கே அமைத்த குடியேற்றக் கொலனியில் குளத்தின் கீழ்க் காணி பெற்ற குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தகப்பனார் வயல் செய்தார். நான் கொலனிப் பாடசாலையில் ஆங்கிலமும் சரித்திரமும் படிப்பித்தேன். ஆசிரிய கலாசாலையில் இருந்த காலத்தில் எனக்கு ஒரு சின்னப் புகழ் உண்டு. எவருடைய குரலையும் ஒருமுறை கேட்டால் அப்படியே பேசிக்காட்டுவேன். அதிபரின் குரலில் விடுதிக் கதவைத் திறக்கச் சொல்லித் திறப்பித்தவன் நான். கொலனிக்கு வந்த பிறகு அந்தக் கெட்டித்தனத்தைக் காட்ட ஆசிரியர் அறையைத் தவிர வேறு இடம் இருக்கவில்லை.

அங்கே நான் அடிக்கடி பேசிக்காட்டியது மீன்காரரின் குரலை. அவர் முல்லைத்தீவுக் கரையிலிருந்து பன்னிரண்டு மைல் சைக்கிள் மிதித்து, பின்னால் ஓலைப்பெட்டி கட்டி, கிழமையில் ஐந்து நாள் வருவார். முன்பல் ஒன்று இல்லாததால் சொற்களுக்கிடையில் மெல்லிய சீழ்க்கை ஒன்று வரும். ஒழுங்கையில் மணியடித்ததும் பெண்கள் சுளகோடும் கோப்பையோடும் ஓடிவருவார்கள். அவர் சொல்வார்:

“மெல்ல வாங்கோ பிள்ளையள், ஓடாதேங்கோ. மீன் செத்துத்தான் கிடக்கு. அது இனி எங்கையும் போகாது.”

நாள்தோறும் இதே பகிடி. நாள்தோறும் சிரிப்பார்கள். கொலனியில் அவருடைய பெயர் தெரிந்தவர் பத்துப்பேர்கூட இருக்கமாட்டார்கள். குரலைத் தெரியாதவர் எவருமில்லை.

ஆனி மாதத்தில் ஒருநாள் அவர் வரவில்லை. தொழிலுக்கு ஆள் குறைந்தால் அவரும் கடலுக்குப் போகிறவராம். அப்படித்தான் தனியே ஒரு கட்டுமரத்தில் போயிருக்கிறார். சோளகக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிற காலம். மூன்றாம் நாள் கட்டுமரம் மட்டும் நீரோட்டத்தில் தெற்கே, திருகோணமலைத் திசையில், கொக்கிளாய்ப் பக்கம் ஒதுங்கியது. இந்தச் செய்தி எங்களுக்கு இன்னொரு மீன்காரர் மூலம் வந்தது. பாவம் என்றோம். அவரிடம் மீன் வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். கரைச் சனத்தின் சாவு எங்களுக்கு அவ்வளவு தூரத்தில் இருந்தது.

அந்தத் தூரத்தைக் குறைக்கத்தான் விழாவே. கொலனிக்காரரும் கரையோர ஊர்க்காரரும் சந்தையில் ஒருவருக்கொருவர் விற்பார்கள், வாங்குவார்கள். ஒரு பந்தலுக்குள் இருந்ததில்லை. எங்கள் தலைமையாசிரியரும் கரையோரக் கத்தோலிக்கக் கோயிலின் சுவாமியாரும் நண்பர்கள். சுவாமியார் வெளிநாட்டில் படித்தவர், சங்கீதப் பைத்தியம். மீன்பிடிகாரர் இருபத்திரண்டு பேருக்கு ஐந்து வருடமாக நோட்ஸ் வாசிக்கப் பழக்கி, வயலின், கிளாரினெட், கோர்னெட் என்ற பித்தளை ஊதுவாத்தியம், செல்லோ என்ற பெரிய வயலின் என்று ஓர் ஓர்கெஸ்ட்ராவை உருவாக்கியிருந்தார். வலை இழுத்துக் காய்ப்பேறிய விரல்களால் அவர்கள் வயலின் வாசிப்பதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். யாராவது “சுவாமியின்ரை பாண்ட்” என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

“பாண்ட் கலியாண வீட்டுக்கு, மாஸ்டர். இது சிம்பொனி வாசிக்கிற கூட்டம். இண்டைக்கு வாசிக்கேலாட்டியும் ஒருநாள் வாசிக்கும்” என்பார்.

ஓர்கெஸ்ட்ராவுக்காக மட்டும் கொலனிச் சனம் பந்தலுக்கு வராது என்று எனக்குத் தெரியும். வானொலிக் கலைஞரை அழைக்கலாம் என்று யோசனை சொன்னதும், அவருக்குக் கடிதம் எழுதியதும் நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய நிகழ்ச்சி போகிற நேரத்தில் வாசிகசாலை வானொலிப்பெட்டியைச் சுற்றி நிற்க இடமிருக்காது. சுவாமியாரும் அவரும் கடிதங்களிலேயே ஒரு நிகழ்ச்சியை உருவாக்கினார்கள். கலைஞர் தொலைந்த எருமையைத் தேடிவந்த கமக்காரனாக ஓர்கெஸ்ட்ராவுக்குள் புகுவார். அவர் எதைச் சொன்னாலும், அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கத்தை வயலின்கள் திருப்பி வாசிக்கும். கடைசிச் சொல்லைக் கோர்னெட் தனியே வாசிக்கும். நடுவில் ஓர் இடம் வெறுமையாக விடப்பட்டது. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரே அறிந்த ஒரு குரலை அங்கே நுழைப்பது அவர் வழக்கம். அதை ஒத்திகையில் சொல்லமாட்டார். வாத்தியக்காரரும் சனத்தோடு சேர்ந்து அப்போதுதான் கேட்க வேண்டும் என்பார்.

அவர் வழக்கமாக ஒருநாள் முன்னரே வந்து தேத்தண்ணிக் கடையில் இருந்து அந்தக் குரலைப் பிடிப்பாராம். அந்த முறை வவுனியாவுக்கு ரயில் பிந்திவிட்டது. விழா நாள் காலையில்தான் ஜீப்பில் வந்து இறங்கினார். மெலிந்த, சத்தமில்லாத மனிதர். ஒத்திகை முடிந்து என் அறையில் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டார்.

“மாஸ்டர், எனக்குக் குரல் ஒண்டும் பிடிபடேல்லை. ஊருக்கெல்லாம் தெரிஞ்ச ஒராளைச் சொல்லுங்கோ.”

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இரண்டு மாதமாகக் காத்திருந்தேன் என்பதை மறைத்துப் பயனில்லை. அவரைப் போன்ற ஒருவர் என் குரலைக் கேட்டு வியக்க வேண்டும் என்பது என் ஆசை. கொழும்புக்குக்கூட அழைக்கலாம் என்று உள்ளே ஒரு கணக்கு. பஸ் கொண்டக்டரின் குரலைப் பேசிக்காட்டினேன். அவர் முகம் அசையவில்லை. சைக்கிளில் வருகிற மீன்காரர் என்று சொல்லி அவரைப் பேசிக்காட்டினேன். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

“இன்னொருக்கா.”

மறுபடியும் பேசினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“ஆள் எவ்வளவு தூரம் சைக்கிள் மிதிச்சு வாறவர்?”

“பன்னிரண்டு மைல், அண்ணை.”

“முன்வரிசையிலை இருப்பாரோ? ஆள் பக்கத்திலை இருந்தால் நல்லாச் சிரிப்பினம்.”

“இல்லை. ஆள் மோசம் போட்டார்.”

அவர் உடனே தலையை ஆட்டினார். “அப்ப வேண்டாம், மாஸ்டர். செத்த வீட்டிலை சிரிக்கக்கூடாது.”

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. “அண்ணை, நாப்பது நாளுக்கு மேலை ஆகுது. முப்பத்தொண்டு கழிஞ்சு போச்சு. துடக்கு இல்லை. சனம் அவரை நினைச்சுச் சிரிக்கும். அது அவருக்கும் நல்லதுதானே.”

“வீட்டுக்காரர் வருவினமோ?”

“ஒரு வருசத்துக்கு நல்லது கெட்டதுக்கு வரமாட்டினம். அதெல்லாம் உங்களுக்குத் தெரியாதே?”

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. எங்கள் முறைப்படி எல்லாம் சரி. மனிதன் செத்த நாளிலிருந்து எண்ணி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்து, வீட்டைக் கழுவினால் துடக்கு என்ற தீட்டு நீங்கி, துக்கம் ஒரு வரம்புக்குள் வந்துவிடும். மற்றவர்கள் அந்த மனிதனைப் பற்றிச் சிரித்துக் கதைக்கலாம். கரையில் எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள் என்று நான் எவரையும் கேட்கவில்லை. உடல் வந்தால்தான், அல்லது உடலில்லாமலே இறந்தவருக்கான பூசைக்கு வீட்டார் சம்மதித்தால்தான், அங்கே கோயிலில் துக்க மணி அடிப்பார்கள். மணி அடிக்காதவரை எண்ணுவதற்கு நாள் இல்லை. அந்த வீட்டுக்கு மணி அடிக்கப்படவில்லை. சுவாமியார் பலமுறை போய்க் கதைத்து, மீன்காரரின் மனைவி அந்தக் கிழமைதான் சம்மதித்திருந்தா. அடுத்த ஞாயிறு பூசை, மணி. அதுவரை அவா சுமங்கலி. வீட்டில் இருந்துவிட்டால் தானே தன்னை விதவையாக்கியதாகிவிடும் என்று, பச்சைக்கரைச் சேலை உடுத்து, எல்லோரும் காண விழாவுக்கு வந்தா. அவாவின் தம்பிதான் கோர்னெட் வாசிப்பவர். இவையெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

யானைப் பயத்தால் கொலனிச் சனம் இருட்டுமுன் திரும்ப வேண்டும். ஆகவே பின்நேரம் மூன்றரைக்கே தொடங்கினோம். பாடசாலை முற்றத்தில் போட்ட பந்தலின் இடப்பக்கம் உழவு இயந்திரப் பெட்டிகளில் வந்திறங்கிய கொலனிச் சனம். வலப்பக்கம் கரைச் சனம். நடுவில் நடப்பதற்கு விட்ட ஒரு பாதை.

முதல் பத்து நிமிடம் நான் என் வாழ்நாளில் கண்ட மிகச் சந்தோசமான பத்து நிமிடம். கலைஞர் சாரத்தை மடித்துக்கட்டி, தோளில் கயிற்றோடு வந்து, செல்லோவின் முன் நின்று, “எட, இவ்வளவு நாளும் இஞ்சையோ நிண்டனி?” என்றார். செல்லோ அடித்தொண்டையில் ஒரு முனகல் முனகியது. கூட்டம் அலறியது. அவர் எருமையை ஏசினார். வயலின்கள் அதே ஏச்சைத் திருப்பி ஏசின. ஓர்கெஸ்ட்ராவை நடத்துகிற சுவாமியாரின் தடியைப் பார்த்து, “சுவாமி, அடிக்காமல் கேளுங்கோ, அது நல்ல சாதி எருமை” என்றார். வயலின்காரர் ஒருவருக்குச் சிரிப்பில் வில் தவறியது. இரண்டு பக்கமும் ஒன்றாகச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். மேடையோரம் நின்ற தலைமையாசிரியர் என் தோளைத் தட்டினார்.

பிறகு கலைஞர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி முகத்தைத் துவாயால் துடைத்தார். திரும்பியபோது, அங்கே இல்லாத ஒரு சைக்கிளின் கைபிடியை அவருடைய கைகள் பிடித்திருந்தன.

“மெல்ல வாங்கோ பிள்ளையள், ஓடாதேங்கோ...”

சீழ்க்கை சரியாக வந்தது. நான் கொடுத்ததைவிடச் சரியாக வந்தது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் நான் கொடுக்காத ஒன்றும் வந்தது: நீண்ட தூரம் சைக்கிள் மிதித்தவன் பேச்சுக்கு நடுவில் இழுக்கிற சின்ன மூச்சு. இடப்பக்கம் வெடித்துச் சிரித்தது. பெண்கள் ஒருவரையொருவர் தட்டினார்கள். “எடி, மீன்காரர்!”

“மீன் செத்துத்தான் கிடக்கு. அது இனி எங்கையும் போகாது.”

வயலின்கள் பழக்கத்தில் அந்த வரியைத் திருப்பி வாசிக்கத் தொடங்கின. நாலைந்து சுரம் போனதும் ஒவ்வொருவராக வில்லை இறக்கினார்கள். கடைசிச் சொல் கோர்னெட்டுக்கு உரியது. கோர்னெட் வரவில்லை. வாத்தியம் அந்த இளைஞனின் மடியில் கிடந்தது. அவர் வலப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். வலப்பக்கத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. பாயில் இருந்த பெண்களுக்கு நடுவே ஒருத்தி எழுந்து நின்றுகொண்டிருந்தா. அழவில்லை, கத்தவில்லை. வெளியே போயிருந்த புருசன் படலையில் நின்று கூப்பிட்டால் எப்படிப் பதில் சொல்வார்களோ அப்படி, சாதாரணமாக, “ஓம், இஞ்சை நிக்கிறன்” என்றா.

இடப்பக்கத்தில் பின்வரிசைகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தன. அந்தச் சிரிப்பு முன்னிருந்து பின்னாக அணைந்து போக எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குத் தெரியாது. யார் என்று எனக்கு எவரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. கலைஞர் கைபிடியைப் பிடித்த கைகளை இறக்கவும் மறந்து நின்றார். சுவாமியார் தடியை வைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

அவாவைப் பாடசாலை வகுப்பறை ஒன்றுக்கு அழைத்துப்போனார்கள். சுவாமியார், தம்பியார், கலைஞர், நான். அவா கதிரையில் இருக்க மறுத்து நின்றுகொண்டே கலைஞரிடம் கேட்டா.

“ஐயா கொழும்பாக்கள். எங்கடை ஊருக்கு முந்தி வந்தனியளே?”

“இல்லை, தங்கச்சி. இண்டைக்குத்தான்.”

“அப்ப அவரை எங்கை கண்டனியள்?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அவாவுக்குப் பேயும் ஆவியும் தேவைப்படவில்லை. அவா யோசித்தது சரியாகத்தான் இருந்தது. இந்த மனிதர் கொழும்புக்காரர். இந்த ஊருக்கு வராதவர். என் புருசனின் குரல் இவரிடம் இருக்கிறது. அப்படியென்றால் இவர் அதை வேறெங்கோ கேட்டிருக்க வேண்டும்.

கலைஞர் என்னைப் பார்த்தார். நேரே, நெடுநேரம் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய தேசப்படத்தைப் பார்த்தேன்.

“நான் ஊரூராப் போறனான், தங்கச்சி” என்றார் மெதுவாக.

“திருகோணமலைக்குப் போனனியளே?”

“போன மாசம் போனனான்.”

அதுவும் பொய்யில்லை. அவா தம்பியாரின் பக்கம் திரும்பினா. “கேட்டியே? கட்டுமரம் தெற்காலைதானே போனது. கப்பல்காரர் ஏத்தியிருப்பாங்கள்.” பிறகு, “சுவாமி, ஞாயிறு பூசை வேண்டாம். மணி அடிக்கக்கூடாது.”

“பிள்ளை, அவர் கண்டதெண்டு சொல்லேல்லையே” என்றார் சுவாமியார்.

“காணேல்லை எண்டும் சொல்லேல்லையே, சுவாமி.”

ஒரு வசனம் போதும். ‘அக்கா, அந்தக் குரலை நான்தான் சொல்லிக் கொடுத்தனான்.’ அது என் நாக்கின் நுனியில் இருந்தது. சொன்னால் தம்பியார் அடிப்பார் என்ற பயம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம், வெளியே நிற்கிற முந்நூறு பேர் என்னை என்ன நினைப்பார்கள் என்பது. நான் நல்ல பெயருள்ள இளம் ஆசிரியன். அந்தப் பெயருக்காக ஒரு பெண்ணை அந்த நம்பிக்கையோடு வகுப்பறைக்கு வெளியே நடந்துபோக விட்டேன்.

ஜீப்பில் ஏறுமுன் கலைஞர் என்னைத் தனியே அழைத்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

“நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். நான் சொல்லியிருந்தால் உங்களை இந்த ஊரிலை இருக்கவிடாயினம். நாளைக்கே போய்ச் சொல்லிப்போடுங்கோ, மாஸ்டர். பிந்தினால் பிறகு ஒருத்தரும் நம்பாயினம்.”

“ஓம், அண்ணை” என்றேன்.

நாளைக்குப் போகவில்லை. அடுத்த கிழமையும் போகவில்லை. ஞாயிறு மணி அடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். கோர்னெட் வாசித்தவர் பிறகு வாத்தியத்தைத் தொடவில்லை. ஒரு வருடத்துக்குள் சுவாமியாருக்கு இடமாற்றம் வந்தது. ஓர்கெஸ்ட்ரா அதோடு கலைந்தது. அவா மாதத்துக்கொரு முறை நெடுங்கேணி வழியாக வவுனியா போய், அங்கிருந்து திருகோணமலைக்குப் போவதாக பஸ்காரர் சொன்னார்கள். துறைமுக வாசலில் நின்று வருகிறவர்களிடம் விசாரிப்பாவாம். ஆஸ்பத்திரியில் கட்டில் கட்டிலாகப் பார்ப்பாவாம். “முன்பல் இல்லாத ஒராள்” என்று அடையாளம் சொல்வாவாம்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். அந்தப் பன்னிரண்டு மைலையும் அன்றுதான் முதன்முறையாக மிதித்தேன். அவா முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தா. தம்பியார் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்.

“வாங்கோ மாஸ்டர். என்ன இந்தப் பக்கம்?”

நின்றபடியே சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. கலாசாலையில் குரல் பேசியது, கலைஞர் கேட்டது, வேண்டாம் என்று அவர் சொன்னது, நாள் எண்ணி நான் வற்புறுத்தியது, வகுப்பறையில் வாயை மூடிக்கொண்டு நின்றது. தம்பியார் வலையை வைத்துவிட்டு எழுந்தார். அடிக்கட்டும் என்று நின்றேன். அவர் கிட்டவந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அவா கருவாட்டுக் கையைத் துடைத்தா. “அப்ப நீங்கள் அவரைப் போலக் கதைப்பியள்?”

“ஓம்.”

“கதையுங்கோ.”

இதற்கு நான் ஆயத்தமாக வரவில்லை. என்றாலும் பேசினேன். மெல்ல வாங்கோ பிள்ளையள். சீழ்க்கையைக் கொண்டுவந்தேன். ஆசிரியர் அறையில் எல்லோரையும் சிரிக்கவைத்த அதே குரல். அவா நிலத்தைப் பார்த்தபடி கடைசிவரை கேட்டா. பிறகு தலையை நிமிர்த்தினபோது முகத்தில் கோபம் இல்லை. என்மேல் ஓர் இரக்கம்தான் இருந்தது.

“இது அவரில்லை, மாஸ்டர்.”

“அக்கா, சத்தியமாக...”

“அந்த ஐயா கதைக்கேக்கை ஒரு மூச்சு இழுத்தவர். என்ரை மனுசன் களைச்சால் இழுக்கிற மூச்சு. நீங்கள் இழுக்கேல்லை. அதைக் கேக்காமல் ஒராள் எப்பிடிச் செய்யேலும்?”

நான் விளங்கப்படுத்தினேன். எவ்வளவு தூரம் மிதித்து வருவார் என்று கலைஞர் என்னைக் கேட்டதையும், பன்னிரண்டு மைல் மிதித்தவனுக்கு மூச்சு வாங்கும் என்று அவர் தானாகவே ஊகித்திருப்பார் என்பதையும் சொன்னேன். அதுதான் அவருடைய தொழில் என்றேன். அந்தக் கலைஞருக்குக் கடிதம் எழுதுவதாகவும், அவரையே வந்து சொல்லச் செய்வதாகவும் சொன்னேன். அவா கேட்டுக்கொண்டிருந்தா, பெரிய படிப்புப் படித்தவர்கள் சொல்வதை மரியாதைக்காகக் கேட்பது போல.

“சுவாமி அனுப்பினவரோ உங்களை?”

“இல்லை.”

“ஆர் அனுப்பினாலும் பரவாயில்லை. நல்ல மனசோடைதான் வந்திருக்கிறியள். என்னை நிப்பாட்டப் பாக்கிறியள்.” அவா எழுந்தா. “பத்தரைக்கு பஸ். நான் வெளிக்கிட வேணும்.”

எழுதினேன். இரண்டு கடிதம் எழுதினேன். கலைஞர் அப்போது தென்னிந்தியாவுக்குப் போயிருந்தார் என்று யாரோ பதில் போட்டார்கள். அவர் திரும்பிவந்த செய்தி எனக்குக் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் எனக்கும் இடமாற்றம் வந்தது.

அந்தச் சனிக்கிழமை, அவா உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தா. கையில் பன்னால் இழைத்த ஒரு பெரிய பை. அதற்குள் என்ன என்று நான் கேட்கவில்லை. மேலே ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது, ஆண்கள் போடுகிற சட்டை, மடிப்புக் குலையாமல். பையை வாங்கி என் சைக்கிளின் பின்னால் வைத்துக்கட்டி, பஸ் நிற்கிற இடம்வரை உருட்டிக்கொண்டு நடந்தேன். அவா பக்கத்தில் நடந்துவந்தா. கொலனிப் பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று விசாரித்தா. பஸ் வந்தது. பையைத் தூக்கிக் கொடுத்தேன்.

“போட்டு வாறன், மாஸ்டர்” என்றா.

“ஓம் அக்கா, கவனமாப் போட்டு வாங்கோ” என்றேன்.